பெக்கோவுக்கு ஆள் தெரியாமல் போன ஐந்து வாரம்

அம்மா,

சமையலறை அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் நல்லெண்ணெய்ப் புட்டியை இன்றைக்குத்தான் மறுபடியும் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஐந்து வாரமாக அந்த வாசனைக்குப் பயந்து, வேறு எண்ணெயில்தான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். இன்றைக்குப் பயம் வரவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் தூங்க முடியாது போலிருந்தது.

வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில், போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். பார்த்தால் அப்பா திட்ட மாட்டார். ஆனால் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் நாளை முழுக்க யாரோடும் பேச மாட்டார். தேயிலைக் கொழுந்து லாரியை ஓட்டிக்கொண்டு மலையில் ஏறி இறங்குகிறவர் அப்படி இருக்கக்கூடாது. அதனால்தான் ஒளிந்து எழுதுகிறேன்.

இந்த ஐந்து வாரமும் நான் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். பெக்கோவையும் டஸ்ட்டையும் நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பெயர் வைத்ததே நீதான். ஆலையில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பழுப்பு நிறப் பூனைக்குட்டிக்குப் பெக்கோ என்றும் பிறகு வந்த சாம்பல் குட்டிக்கு டஸ்ட்டு என்றும் தேயிலைத் தரங்களின் பெயரையே வைத்தாய். "நம்ம வீட்டுல ரெண்டு கிரேடு இருக்கு" என்று தோட்டத்துத் தொழிலாளர் லைனில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். அந்த இரண்டும் ஒரே தட்டில் தின்றன. குளிர் அதிகமான நாட்களில் எது யாருடைய வால் என்று தெரியாத மாதிரி சுருண்டு கிடந்தன. நீ படுக்கையில் விழுந்த பிறகு பெக்கோ உன் காலடியை விட்டு நகரவில்லை. உன்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில், வேன் போன பிறகும் அது வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. டஸ்ட்டு போய் அதன் முகத்தை நக்கியது. நான் பார்த்தேன்.

போன தீபாவளியை நாங்கள் கொண்டாடவில்லை. அப்போது நீ போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை அல்லவா? நீ இல்லாமல் நாங்கள் கொண்டாடிய முதல் தீபாவளி இந்த வருஷத்துத் தீபாவளிதான். விடியற்காலை எழுந்து, மிளகும் ஓமமும் போட்டு எண்ணெய் காய்ச்சினேன். நீ செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர அளவு தெரியாது. அப்பா சமையலறை வாசலில் நின்றார்.

"எண்ணெய் யாரு வெக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான், வேற யாரு?"

அவர் பலகையைப் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தார். உச்சியில் முடி வெள்ளையாகிவிட்டது, அம்மா. அங்கே எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். "சூடு சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நீ ஒவ்வொரு தீபாவளிக்கும் பூனைகளுக்கும் எண்ணெய் வைப்பாய். "இந்த வீட்டுல எண்ணெய் வெக்காம யாரும் தீவாளி கொண்டாடக் கூடாது லா. நாலு காலு இருந்தா என்ன?" என்பாய். ஒரு வருஷம் நான், "பெக்கோவுக்கு மொதல்ல வெச்சா டஸ்ட்டு கோவிச்சுக்கும்மா" என்றேன். நீ இரண்டு ஆள்காட்டி விரல்களையும் எண்ணெயில் தொட்டு, ஒரே நேரத்தில் இரண்டின் தலையிலும் வைத்தாய். "ரெண்டு கை எதுக்கு இருக்கு?" என்றாய். விரல் நுனி அளவுதான். அதற்கே இரண்டும் காதை மடக்கிக்கொண்டு ஓடும்.

இந்த வருஷம் பெக்கோ வெளியே போயிருந்தது. வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. டஸ்ட்டை மட்டும் மடியில் தூக்கி வைத்தேன். விரலைக் கொண்டு போனதும் அது தலையை உதறியது. கிண்ணம் கவிழ்ந்து எண்ணெய் முழுக்க அதன் கழுத்திலும் முதுகிலும் கொட்டியது. நல்ல வேளை, சூடு ஆறியிருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று, மிச்சமிருந்த வெந்நீரில் சீயக்காய் போட்டு அதைக் குளிப்பாட்டினேன். காய வேண்டும் என்பதற்காகச் சாம்பிராணிச் சட்டியின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டஸ்ட்டு ஒரு தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்போது பெக்கோ பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. அதே நேரம் கீழ் லைனில் பிள்ளைகள் சரவெடியைக் கொளுத்தினார்கள். பெக்கோவின் முதுகு வில்லாக வளைந்தது. டஸ்ட்டைப் பார்த்தது. அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அம்மா. நாலு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அடுத்த நொடி இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. முறுக்கு டின் கவிழ்ந்தது. அப்பா துண்டோடு ஓடி வந்து துடைப்பத்தால் பிரித்தார். டஸ்ட்டின் காது கிழிந்து, அது பீரோ மேல் ஏறிக்கொண்டது. பெக்கோ பீரோவின் அடியில் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்திலிருந்து அத்தை வந்தார். மாமாவின் காய்கறி லாரியில்தான். உள்ளே வந்ததும் பீரோ மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"என்னண்ணே, ரெண்டும் ஒரே தட்டுல திங்குமே! இப்ப என்ன வந்துச்சு?"

"தெரியலம்மா. காலையிலேர்ந்து இப்படித்தான்" என்றார் அப்பா.

அத்தை உன் படத்துக்கு முன்னால் போட்டிருந்த இலையை ஒவ்வொரு பலகாரமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணிக்கு ஏதோ கொறை இருக்கு. அது அண்ணி கூடவே கெடந்த பூனை. சும்மா ஆடாது" என்றார்.

டஸ்ட்டு சாக்கடையில் விழுந்து நனைந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அத்தை சொன்னதை நான் நம்பிவிட்டேன். நீ இரண்டு கையால் செய்ததை நான் ஒரு கையால் செய்தேன். பெக்கோவை விட்டுவிட்டேன். உன் பூனையை. அதனால்தான் நீ கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன்.

ஒரு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்தோம். ஆகவில்லை. கதவு கொஞ்சம் திறந்தாலும் பெக்கோ பாய்ந்தது. டஸ்ட்டை அறையில் பூட்டி வைத்தோம். அது அப்பா வேலைக்குக் காலில் போடும் சப்பாத்துக்குள் மூத்திரம் பெய்தது. பெக்கோ கூடத்தில் அந்தக் கதவைப் பார்த்தபடியே கிடந்தது. என்னிடம் வரும், தலையை முட்டும். டஸ்ட்டின் குரல் கேட்டால் உடனே வேறு மிருகமாகிவிடும். அதுதான் எனக்கு ரொம்பப் பயம். தெரிந்த முகத்தில் தெரியாத கண் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

மூன்றாவது வாரம் புதன்கிழமை, பள்ளியிலிருந்து வந்து அறைக்கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டேன். இரண்டும் பிடித்துக்கொண்டன. யோசிக்காமல் நடுவில் கையை விட்டேன். பெக்கோ என் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கடித்துவிட்டது. ஆழமாக இரண்டு புள்ளிகள். குளிராடையின் கையை இழுத்து மூடிக்கொண்டு அப்பாவிடம் சொல்லவில்லை. ஏனென்றால் முந்தைய நாள்தான் அவர் அத்தையோடு கைப்பேசியில் பேசியிருந்தார். "ஞாயித்துக்கெழமை லாரி வரும்போது பெக்கோவ எடுத்துக்க. தோட்டத்துல எலி இருக்கில்ல, பொழச்சிக்கும்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டேன். கடித்தது தெரிந்தால் ஞாயிறுவரைகூட வைத்திருக்க மாட்டார்.

மறுநாள் கை வீங்கிவிட்டது. சாப்பிடும்போது கரண்டியை இடது கையில் பிடித்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா லா, எடது கையால சாப்பிடுற?"

"சும்மாதான்."

"கைய நீட்டு."

நீட்டினேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு வரவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்தார். தானா ராத்தா டவுனில் கிளினிக் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

நீண்ட பெஞ்சில் எங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஊசிக்காக என்று அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அப்பா, எண்ணெய ஊத்துனது நான்தான்."

"எந்த எண்ணெய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம் கவிழ்ந்தது, சீயக்காய், சாம்பிராணி, எல்லாம். "பெக்கோவுக்கு வெக்கல. அம்மாவுக்கு அதான் கோவம். அதான் பெக்கோ இப்படி ஆயிருச்சு. நீங்க பெக்கோவ அனுப்புனா அம்மாவுக்கு இன்னும் கோவம் வரும்."

அப்பா சொன்னார்: "உங்கம்மா கோவிச்சுக்கிட்டா சட்டிய டமார்னு வெப்பா. ரெண்டு நாளு எனக்கு ரசம் மட்டும் ஊத்துவா. பூனைய விட்டுக் கடிக்கிறவ இல்ல அவ."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். உண்மைதானே, அம்மா? உன் கோபம் எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மருத்துவர் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு, "உடனே வந்திருக்க வேண்டும்" என்று மலாயில் கண்டித்தார். அப்பா என் சார்பில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பெக்கோ எப்போதும் போல வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. கட்டுப் போட்ட என் கையை முகர்ந்தது. சட்டென்று பின்னால் குதித்து, காதை மடக்கி, என்னைப் பார்த்துச் சீறியது.

"ஏய், இது நம்ம புள்ள லா!" என்று அப்பா கத்தினார்.

நான் இடது கையை மெதுவாகக் கீழே நீட்டினேன். பெக்கோ எட்டி நின்று முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. பிறகு தலையைக் கொண்டுவந்து அந்தக் கையில் முட்டியது. வலது கையை அருகில் கொண்டுபோனேன், சீறல். இடது கை, முட்டல். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மருந்து வாடைப்பா" என்றேன். "அதுக்குக் கோவமே இல்ல. ஆள் தெரியல."

அப்போதுதான் டஸ்ட்டு நம் வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் வந்தது. கொழுந்து மூட்டைக்குள் கிடந்த குட்டியை அப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெக்கோ அதைப் பார்த்து இதே மாதிரிதான் சீறியது. நீ ஆலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்து, போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரின் கையால் குட்டியைத் தேய்த்தாய். அப்படியே பெக்கோவைத் தேய்த்தாய். மறுபடி குட்டி, மறுபடி பெக்கோ. "என்னம்மா பண்ற?" என்று கேட்டேன். "ரெண்டு பேரு மேலயும் ஒரே வாசம் இருந்தா ஒரே வீடுன்னு தெரிஞ்சிக்கும்" என்றாய். தினமும் செய்தாய். பிறகு ஒரு நாள் அந்த ஸ்வெட்டர் மேலேயே இரண்டும் படுத்திருந்தன.

தீபாவளி அன்று டஸ்ட்டு மேல் நம் வீட்டு வாசனையே இல்லை. எண்ணெயும் சீயக்காயும் சாம்பிராணியும்தான் இருந்தன. வெடிச்சத்தத்தில் மிரண்டுபோன பெக்கோவுக்கு முன்னால் யாரோ ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். யாருடைய கோபமும் இல்லை.

இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு, "அந்த ஸ்வெட்டர் இருந்தா நல்லாருந்திருக்கும்" என்றேன். தீபாவளிக்கு முன் அத்தை சொல்லி அப்பா உன் துணிகளைக் கொடுத்துவிட்டது எனக்குத் தெரியும். இரண்டு பைகளை லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன்.

அப்பா பலகையைப் போட்டு ஏறினார். பீரோ மேல், பழைய பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். வாய் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே பச்சையாகத் தெரிந்தது.

"அத்தைகிட்ட சொல்லிராத" என்றார்.

துவைக்காமல் வைத்திருந்திருக்கிறார், அம்மா. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அதுங்கள தேச்சா இந்த வாசம் போயிரும். தெரியும்ல?"

"தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். "அதுங்க மேல இருக்கட்டும். வீட்டுலதான இருக்கப் போவுது" என்றார். தேயிலைத் தூள் வாசனையும் நீயும் ஒன்றாக வெளியே வந்தீர்கள். நான் பின்வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை முட்டைக்கோஸ் பெட்டியோடு வந்தார்.

"அனுப்பலம்மா" என்றார் அப்பா.

"என்னண்ணே! பொட்டி பூரா ஓட்டை போட்டு எடுத்தாந்திருக்கேன்!"

"ஓட்டை போட்டா கோஸு கெட்டுப் போவாது. எடுத்துட்டுப் போ."

"அப்ப அப்பனும் மவளுமா கடி வாங்கிக்கிட்டுக் கெடங்க லா" என்று அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு பொட்டலம் நெத்திலி கொண்டுவந்தார். "அந்த ராட்சசிக்கு" என்றார். பெக்கோ அவர் காலில் உரசியதும் உட்கார்ந்து தடவிக் கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சீக்கிரமாகச் சரியாகவில்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஸ்வெட்டரால் டஸ்ட்டைத் தேய்ப்பேன், பிறகு பெக்கோவை. மூடிய கதவின் இரண்டு பக்கமும் நெத்திலி வைப்பேன். முதலில் பெக்கோ தின்னவே இல்லை. பிறகு உறுமிக்கொண்டே தின்றது. பிறகு உறுமுவதை மறந்து தின்றது. கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன். ஒரு நாள் மழைக்கு ஏதோ தகரம் விழுந்து, பெக்கோ மறுபடி பாய்ந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். அப்பா கதவைச் சாத்திவிட்டு, "நாளைக்கு மறுபடி மொதல்லேர்ந்து" என்றார், பஞ்சரான டயரைப் பற்றிச் சொல்வது போல.

இன்றைக்குச் சாயங்காலம் கதவு முழுதாகத் திறந்திருந்தது. டஸ்ட்டு கூடத்துக்கு வந்து, நடுவில் உட்கார்ந்தது. பெக்கோ எழுந்து மெதுவாக நடந்து வந்தது. அப்பா தேநீரை உதட்டருகில் வைத்தபடி அப்படியே இருந்தார். பெக்கோ டஸ்ட்டின் கிழிந்த காதை முகர்ந்தது. பிறகு அதன் உச்சந்தலையை, நான் எண்ணெய் வைக்கப்போன அந்த இடத்தை, நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. டஸ்ட்டு கண்ணை மூடிக்கொண்டது. அப்பா குடிக்காமலே அந்தத் தேநீர் ஆறிப்போனது.

அதன் பிறகுதான் நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். தோசைக்கு.

நாளைக்கு மறுபடி மறந்துவிடுமோ என்று இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. ஆனால் நீ கோபமாக இருக்கிறாய் என்ற பயம் இல்லை. ஸ்வெட்டரில் இப்போது உன் வாசனை இல்லை, அம்மா. பூனை முடியும் நெத்திலி வாடையும்தான். சாயங்காலம் பெக்கோவின் கழுத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அங்கே ஏதோ கொஞ்சம் இருந்தது. நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அடுத்த தீபாவளிக்கு இரண்டும் வீட்டுக்குள் வரும்வரை காத்திருப்பேன். விரல் நுனி அளவுதான் வைப்பேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் பெக்கோ போர்வைக்குள் புகுந்து என் வலது பக்கம் படுத்துவிட்டது. டஸ்ட்டு இடது பக்கம் வந்திருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது நிமிர்ந்து பார்க்கிறது. இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.